கடைமடையில் ஒரு புள்ளி

கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டேன்.
படுத்திருப்பது பங்கேற்பு, நிற்பது போட்டி.
யார் யாருக்கு ஓட்டு என்று ஒன்று கேட்கும்,
எதிர்த்து நிற்க ஆளுண்டா என்று மற்றது.
மன்னராட்சியைக் கீழ் இடது மூலையில் வைத்தேன்,
ராணுவத்தை அதன் தோளருகே.
ஒரே கட்சி தொண்ணூற்றெட்டு சதவீதம் வாங்கும் தேசங்கள்
கீழ் வலது மூலையில், நீண்ட வரிசைகளோடு.
மேல் வலது மூலையைக் காலியாக விட்டேன்.
அங்கே இன்னும் யாரும் முழுதாகப் போய்ச் சேரவில்லை
என்பது பத்து மார்க் கேள்விக்கு விடை.

"எங்க வாய்க்கால் சங்கத்த எங்க சார் வைப்பீங்க?"
கேட்டவள் இலக்கியா, பாசனப் பிரிவு லஸ்கர் மகள்.

கோரையாற்றில் பிரிந்து பதினொரு கிலோமீட்டர் ஓடி
அலையாத்திக் காட்டுக்கு முன்னால் மூச்சு விடும் வாய்க்கால்.
தலைவர் ரெத்தினசபாபதி, நாலாவது தடவை, போட்டியின்றி.
மனு ஒன்று. மாலை இரண்டு.
பட்டா உள்ளவருக்குத்தான் ஓட்டு;
குத்தகைக்காரருக்கு இல்லை.
பட்டாவில் பேர் இருக்கும் பெண்களுக்கு
கணவன்மார் வந்து கையெழுத்து.
அஞ்சம்மாளுக்கு இல்லவே இல்லை.
நாற்பது வருடம் நடவு நட்ட
கெண்டைக்காலால் அளந்து சொல்பவள் அவள்:
"நாலு விரக்கடை கொறையுது,
மேல எவனோ அடைச்சிருக்கான்."

சாக்பீஸை எங்கே வைப்பதென்று யோசிக்கையில்
மணி அடித்தது.
நான் கௌரவ விரிவுரையாளன்.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
கௌரவத்துக்கு எந்தக் கோடு என்று
யாரும் கேட்காதது நல்லது.

இந்த வருடம் உத்திராபதி நின்றார்.
கடைமடை, நாலு மா நிலம்.
வாபஸ் வாங்கச் சொல்லி மூன்று ராத்திரி ஆள் வந்தது.
டீ கொடுத்து அனுப்பினார்.
ஊர் ஒத்துமையக் கெடுக்காத என்றார்களாம்.
"ஒத்துமைன்னா என்ன, நாங்க கேக்காம இருக்குறதா?"
என்று உள்ளிருந்து அவர் மனைவி.

நூற்று நாற்பத்து மூன்றுக்குப் பதினொன்று.

நம் பாஷையில் இதற்கு ஆட்சிமுறை என்று பேர்.
புத்தகங்கள் ஆட்சியை வகைவகையாகப் பிரிக்கின்றன;
முறையைத் தொடாமல் தாண்டிவிடுகின்றன.
இங்கே முறை என்றால் தண்ணீர்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு,
இன்னிக்கு யார் மொறை என்று கேட்டபடி
மண்வெட்டியோடு நடக்கும் இருட்டு.
அதனால் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தேன்.
அது பலகையில் நிற்காமல் பெஞ்சுகளை நோக்கி வந்தது.
தோற்றவன் வயலுக்கு
அவன் முறையில் தண்ணீர் வருகிறதா?
ஓட்டுப் போடும் நாளில் எந்த ஆட்சியும் அழகுதான்.
மறுவாரம் மதகடிக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.
பரீட்சையில் எழுதாதீர்கள், மார்க் வராது என்றும் சொன்னேன்.

செவ்வாய் ராத்திரி பத்துக்கு உத்திராபதி முறை.
ஷட்டர் சாவி இலக்கியாவின் அப்பாவிடம்.
பத்தரை. பதினொன்று.
பன்னிரண்டுக்கு வாட்ஸப்பில்: "இன்னும் இல்ல சார்."
அப்புறம்: "அப்பாவுக்கு போன் வந்துச்சு. யாருன்னு சொல்லல."
அப்புறம் ஒன்றுமில்லை.
தவளைச் சத்தம்கூட யாரோ அடைத்து வைத்தது போல.
ஒன்று ஐந்துக்கு: "அப்பா செருப்பு வாசல்ல இல்ல."

ஒன்று நாற்பதுக்கு ஒரு படம்.
டார்ச் வெளிச்சத்தில் வெடித்த மண்,
பிளவுக்குள் பழுப்பாக, தயங்கி,
ஒரு நாக்கு நீர்.

மூன்று மணி நாற்பது நிமிடத் தாமதம்.

போன் செய்தது யார்,
திறக்கச் சொல்லியா, அடைத்தே வைக்கச் சொல்லியா,
அந்த மனிதர் ஏன் செருப்பை மாட்டினார்,
எனக்குத் தெரியாது.
எந்தக் கேள்வித்தாளிலும் கேட்கமாட்டார்கள்.

புதன்கிழமை மூன்றாவது பீரியட்.
தூங்காத கண்ணோடு இலக்கியா எழுந்துவந்து
பலகையில் ஒரு புள்ளி வைத்தாள்.
புறங்கையால் அழித்தாள்.
இரண்டு விரற்கடை மேலே வைத்தாள்.
சற்று நின்று பார்த்துவிட்டு,
"அஞ்சம்மாவ கேட்டா இன்னும் சரியா சொல்லும் சார்" என்றாள்.