ஏழாவது வரிசை

மரச்சீனி பிடுங்கிப் பதினொரு நாள்தான்.
மண்ணில் இன்னும் குழி.
அதன் மேல் நூற்றுப் பன்னிரண்டு கார்.
பைக்கை நான் எண்ணவில்லை.

காருக்கு ஐம்பது, பைக்குக்கு இருபது.
பாதி ஊர்க் கமிட்டிக்கு, பாதி எனக்கு.
சீட்டு அச்சடிக்க நேரமில்லாமல்
மகளின் பழைய கணக்கு நோட்டைக் கிழித்து
வண்டி நம்பர் எழுதிக் கொடுத்தேன்.
எத்தனையோ சட்டைப் பையில் இப்போது
பின்பக்கம், மீதி சரியாக வராத ஒரு வகுத்தல்.

ரோட்டில் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கிலோமீட்டர்,
கருங்கல் பக்கம் அதுக்கும் மேலே.
நடுவில் கடைசி பஸ்.
கண்டக்டர் இறங்கி கட்டஞ்சாயா குடிக்கிறார்.
ஜன்னல் வழியே பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கு
கானமேளா ஓசி.
மீன் சட்டியோடு ஒருத்தி மட்டும்
பாட்டைத் திட்டிக்கொண்டே இறங்கி நடந்தாள்.

ஹோம்கார்டு பையன் விசில் ஊதினான்,
மேடையில் புல்லாங்குழல் நின்ற இடம் பார்த்து.
கூட்டம் அதற்கும் கைதட்டியது.

பத்தே காலுக்கு இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.
"யக்கா, வண்டிய எடுக்கணும்.
மூணரைக்கு பிளைட்டு, திருவனந்தபுரத்துல."
டெல்பின் சொன்னான். மச்சான் ஸ்டார்வின்
வாயே திறக்கவில்லை.
பஹ்ரைன். வலை வேலை. இரண்டு வருஷம்.
டிக்கியில் பெட்டி, நேந்திரங்காய் வற்றல், கருவாடு.
"ஒரேயொரு பாட்டு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

எந்த வரிசை?
ஏழு.
நாலரை மணிக்கே வந்தவர்கள்.
சுவரை ஒட்டி, நல்ல நிழலில்,
நானேதான் கைகாட்டி விட்டேன்.

முன்னால் ஏழு வண்டி.
நம்பரைக் குறித்துக்கொண்டு
நாற்காலிகளுக்கு இடையே நெருக்கியடித்து
மேடைக்குக் கீழே போய் நோட்டுத் தாளை நீட்டினேன்.
மஞ்சள் சேலைப் பாடகி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.
தாளைத் திருப்பி முதலில் வகுத்தலைப் பார்த்தாள்.
பிறகு
டி.என். எழுபத்தைந்து என்று ஆரம்பித்தாள்,
விட்ட அதே சுருதியில்.
கீபோர்டுக்காரர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருந்தார்.

ஆறு பேர் எழுந்தார்கள்,
பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி
தலையைக் குனிந்துகொண்டு.
எழுந்த நாற்காலிகளில் உடனே வேறு ஆள்.

ஏழாவது, கே.எல். பத்தொன்பது, வெள்ளைக் கார்.
யாரும் அசையவில்லை.
மறுபடி பாடினாள்.
மூன்றாவது தடவை பிள்ளைகள் கூடப் பாடினார்கள்.
நாலாவது தடவை மொத்தக் கூட்டமும்,
அந்த நாலு எண்ணையும் இழுத்து, குலுக்கி.
ஸ்டார்வின் அப்போதுதான் சிரித்தான்.

அழுத்தின கட்டையிலிருந்து விரலை எடுக்காமல்
கீபோர்டுக்காரர்
இடது கையால் பேன்ட் பையைத் தடவினார்.

ஆமாம், அவர் வண்டிதான்.
நெய்யாற்றங்கரையிலிருந்து பிந்தி வந்தவர்,
மேடைக்குப் பின்னால் இடமில்லை என்று
என்னிடம் ஐம்பது கொடுத்துவிட்டு ஓடியவர்.

சாவி மேடையிலிருந்து கீழே விழுந்தது.
கை மாறி கை மாறி
தலைகளுக்கு மேலே ஒரு சின்ன மினுக்கம்
என் பக்கமாக வந்துகொண்டேயிருந்தது.
எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.
ஹோம்கார்டு பையன் விசிலைச் சட்டைக்குள் போட்டுவிட்டு
ஏறி உட்கார்ந்தான்.

ஸ்டார்வினின் பின்சக்கரம் ஒரு குழியில் சுற்றியது.
பதினைந்து பேர் தள்ளினோம்.
சேறு என் முகம் வரைக்கும்.
ரோட்டில் பஸ் பின்னால் போனது,
கண்டக்டர் ரெண்டு தட்டு, ஒரு தட்டு,
சாயா டம்ளரால்.
சிவப்பு விளக்கு கருங்கல் பக்கம் திரும்பியது.
பிடித்தார்களா என்று தெரியாது.
டெல்பின் நம்பரை வாங்க எனக்குத் தோன்றவில்லை.

நிறுத்தின பாட்டை அவள் பிறகு தொடரவே இல்லை.
எந்த வரியில் நின்றது என்று
மறுநாள் கடையில் சண்டை.

காலையில் விளைக்குப் போனேன்.
எண்ணெய்க் கறை, ஒற்றைச் செருப்பு,
சுவரோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சக்கரத் தடம்.
கமிட்டிக்காரர் வந்து பாதியை எண்ணி வாங்கினார்.
அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது,
அந்தப் பையனிடம் வாங்கின ஐம்பதைத்
திருப்பிக் கொடுத்திருக்கலாம்.