பதினொரு புள்ளி

பெரியாஸ்பத்திரி, பதினாறாம் அறை.
நீலப் பேனையால் நான் போட்ட கூட்டுத்தொகை இருபத்து நாலு.
கறுப்புப் பேனையால் டொக்டர் ஷிஹானா போட்டது முப்பத்தைந்து.
ஒரே பிள்ளை, ஒரே கேள்விகள்.
மேசைக்கு அடியில் சாருகன்
என் செருப்பு வாரைப்
பூட்டுகிறான், கழற்றுகிறான், பூட்டுகிறான்.

'பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?'
பார்ப்பான் என்று புள்ளடி போட்டேன்.
பொய் இல்லை.
அவன் பார்க்கிற இடத்தில் போய் நின்றுகொண்டுதான்
நான் கூப்பிடுவேன்.
எப்போதிருந்து என்று கேட்டா டொக்டர்.
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

'வேண்டியதைச் சுட்டிக் காட்டுவாரா?'
எதற்குக் காட்ட வேண்டும்?
தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் தட்டில்,
வாழைப்பழம் உரித்து, முறியாமல்,
மஞ்சள் கோப்பை எப்போதும் மஞ்சள் கோப்பை.
அவனுக்குத் தாகம் வருமுன்
எனக்கு வந்துவிடும்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு
என்று அவ நினைத்திருக்கலாம்.
இந்தக் காக்கை பொன் என்று சொல்லவேயில்லை.
குஞ்சு விழாதபடி
கூட்டைக் கொஞ்சம் சரித்து வைத்திருந்தது,
அவ்வளவுதான்.

கொட்பேயில் மீன் நிறுக்கிற இடத்தில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
வள்ளக்காரரின் தராசும் முதலாளியின் தராசும்
ஒன்பது வருசத்தில் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.
இரண்டு பேரும் கள்ளரில்லை.
நடுவில் ஐஸ் உருகியிருக்கும்.

கட்டாரிலிருந்து பிரதீபனும் நிரப்பி அனுப்பினார்.
வட்ஸ்அப்பில் தெரிகிற பிள்ளைக்கு
ஒன்பது.

'சத்தங்களுக்கு மிரள்வாரா?'
பாண் ஓட்டோவின் பாட்டு
பாலையூற்றுச் சந்தியில் கேட்கும்போதே
எங்கள் வீட்டு யன்னலெல்லாம் சாத்திவிடும்.
நான் மூன்று போட்டேன்.
அந்த அறையில் இருந்ததோ
ஒரு மின்விசிறி, அதுவும் மெல்ல.
நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு
அவ போட்டது பூச்சியம்.
அந்த ஒரு கேள்வியில் மட்டும்
அவவைவிட நான் கூட.
கூடி என்ன செய்ய.

'இது வித்தியாசம்தான், பிழை இல்லை' என்றா.
இரண்டு தாளையும் ஒன்றாகக் கிளிப் போட்டா.
என்னுடையதைக் கிழிக்கவில்லை.
அதற்காகத்தான் அழுகை வந்தது,
முப்பத்தைந்துக்காக இல்லை.

பஸ் நிலையத்தடியில் மான்கள்
யாரோ எறிந்த சோளப்பொத்தியைச் சப்பிக்கொண்டிருந்தன.
சாருகன் ஒரு பெண்மானுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான்.
அது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
அவனும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.
இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை.

இடம் மாறாமல்,
அவன் முதுகுக்குப் பின்னால் நின்று,
ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.
'சாருகன்.'

மான் திரும்பிப் பார்த்தது.

இன்னொருமுறை கூப்பிடவில்லை.
சோளப்பொத்தியை மிதிக்காமல் சுற்றிப்போய்
அவன் கண் போகிற பக்கத்தில்,
வழமையான தூரத்தில்,
குந்தினேன்.