இரண்டாம் பூச்சு

நேற்றே மழித்துவிட்டு வரச் சொன்னார்கள்.
எண்ணெய் கூடாது, சென்ட் கூடாது,
வியர்க்கவும் கூடாதாம்,
கோலாலம்பூரில்.

சௌ கிட் ஓட்டல், ஆறாவது மாடி.
கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு
நடுவில் ஒரு கறுப்புக் கூடாரம்.
காகித ஜட்டியோடு உள்ளே நின்றேன்,
கார் கழுவும் கடையில் நிறுத்திய வேன் மாதிரி.

யீ வென் முகமூடியை மாட்டினாள்.
"பூசிங், பாங்."
சுற்றினேன்.
முதல் சாரல் தொப்புளில் பட்டதும்
எட்டு கட்டும் தானாக இறுகின. அவ்வளவு குளிர்.
நமத்துப்போன பிஸ்கட் வாடை.

நாளைக்கு மேடை, எழுபது கிலோ பிரிவு.
தள்ளி நின்று பார்த்தாள்.
"விளக்கு வெளிச்சத்தில் வெளிறிப்போவீர்கள்.
இந்த நிறம் போதாது."

போதாதா!
செந்தூல் பள்ளியில் கரிச்சட்டி என்றவர்கள்,
போட்டோவில் சிவப்பாய் இருந்தாரே என்று
தேநீரைத் தொடாமல் எழுந்துபோன கிள்ளான்காரர்கள்,
பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு
டியூப் டியூபாய்ப் பிதுக்கிப் பூசிய நான்,
யாராவது ஒருவர் அங்கே இருந்திருக்கலாம்.
நூற்றெண்பது வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.

காயும்வரை உட்காரக் கூடாது.
கையை விரித்தே நிற்க வேண்டும்.
மூக்கு அரித்தது.
ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் நீட்டினாள்.

கீழே வந்தால் மழை.
கிராப்காரர் சீட்டில் குப்பைப் பையை விரித்துவைத்து
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
நாலெட்டுதான் ஓடினேன்.
முழங்கையில் இரண்டு சொட்டு.

வழிந்த கோட்டில் என் தோல் தெரிந்தது,
வெளுப்பாக.
ஜாலான் ஈப்போ நெரிசல் முழுக்க
அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
காலை ஏழுக்கு இரண்டாம் பூச்சு.