எடை ஏறிய பின் இறுக்கவும்

மூன்று நாளாகப் பேச்சில்லை.
அதற்காக வேலை நிற்குமா?
கராஜ் கதவைத் தூக்கிவிட்டு
டெக்வின் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார்,
ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நான்.

அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி.
மேல்துணியை மடித்தால் வானம் முழுக்க நம்முடையது;
வேல்ஸில் அது வருஷத்துக்குப் பதினோரு நாள்.
பின்னால் இரண்டு பட்டை.
வலப்பட்டை தளர்ந்து
ஹார்லெக் கடைத்தெருவில் நிறுத்தினால்
ஒரு தோள் இறங்கியவர் மாதிரி நிற்கும்.

வலம் என்பது ஓட்டுகிறவர் பக்கம்.
இருபத்தாறு வருஷம் அவர் உட்கார்ந்த பக்கம்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
டேப் பிடித்து அளந்து
சாக்பீஸில் எழுதி வைத்தேன்:
இடம் பதினைந்து அங்குலம். வலம் பதின்மூன்றரை.
அவர் படித்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சண்டை எதற்கென்றால்,
ஞாயிறு விருந்தில், ஆட்டுக்கறி பாதியில்,
பியூ தம்பதியிடம் சொன்னார்:
"மெரெரிட் நன்றாகத்தான் ஓட்டுவாள்.
ரிவர்ஸ்தான் வராது."
எல்லாரும் சிரித்தார்கள்.
புதினா சாஸைத் தள்ளி வைத்தேன்,
அவர் கைக்கு எட்டாத தூரத்தில்.

"அரை அங்குலம்."
கொடுத்தேன்.
"ஒன்பது பதினாறு."
கொடுத்தேன்.
"சுத்தியல்."
கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தேன்.

யு-போல்ட் நட்டு நான்கும் நல்ல பிள்ளைகள்,
தொட்டதும் கழன்றன.
முன்கண்ணின் போல்ட் மட்டும் மசியவில்லை.
ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியும் மசியவில்லை.
ஸ்பேனரில் குழாயைச் செருகி அவர் தொங்கினார்,
முகம் பீட்ரூட்டாகச் சிவக்க.
போல்ட் சுற்றியது, ரப்பர் புஷ்ஷும் கூடவே சுற்றியது,
வெளியே வரத்தான் யாருக்கும் மனமில்லை.

பிறகு ரம்பம்.
அவர் கை ஓய்ந்தபோது
கேட்காமலே வாங்கிக்கொண்டேன்.
மல்லாந்து கிடந்து அறுத்தேன்;
துரு சிவப்பு மாவாகக் கன்னத்தில் உதிர்ந்தது.
வெளியே மழை, வழக்கம்போல.

டங்.
"அப்பாடா" என்றோம் இருவரும் ஒரே மூச்சில்.
பேச்சுக் கணக்கில் அது சேராது.

பழைய பட்டையையும் புதியதையும்
தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம்.
புதியது உயர்த்திய புருவம்.
பழையது, ஏதோ சொல்ல வந்து
வேண்டாமென்று மூடிக்கொண்ட உதடு.
மூன்றாவது தகட்டில் ஒரு விரிசல்.
விரிசலுக்குள்ளும் துரு,
அப்படியென்றால் நேற்றையதில்லை.
அதன் மேல்தான் அபெரிஸ்ட்வித் போய் வந்தோம்,
கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றோம்,
அங்கேயும் ஏதோ ஒரு சண்டை.

புதியதை ஏற்றுவது அரைமணி வேலை.
இடப்பக்கத்துக்கு இன்னொரு பகல் போயிற்று.
கையேட்டின் கிரீஸ் கறைக்கு அடியில் ஒரு வரி இருந்தது:
அந்தரத்தில் தொங்கும்போது முழுதாக இறுக்க வேண்டாம்,
ரப்பர் முறுகியபடியே நின்று பின்னால் கிழியும்.
சக்கரத்தில் எடை ஏறிய பின் இறுக்கவும்.
இரண்டு முறை வாசித்தேன்.
இரண்டாவது முறை சத்தமாக.

நான்கு சக்கரத்துக்கும் தடித்த மரக்கட்டை வைத்து
ஜாக்கியை இறக்கினோம்.
பின்புறம் தூக்கிக்கொண்டு நின்றது வண்டி,
கோபித்த பூனை போல.
"ஆள் எடை வேண்டும்," அடியிலிருந்து குரல்,
"ஏறி உட்கார்."

இடக்கதவுக்குப் போன கை நின்றது.
சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறினேன்.
சீட்டில் அவர் உடம்பின் பள்ளம்;
அதற்குள் நான் பாதிதான் நிறைந்தேன்.
ஸ்டியரிங் நினைத்ததைவிட மெல்லியது.
என்ஜின் தூங்குகிறது, சாவி என் பையில்.
கீழே ராட்செட் கிர்ர், கிர்ர்.

கிளட்சை மிதித்தேன்.
கம்பியை அழுத்தி, இடம் தள்ளி, பின்னால் இழுத்தேன்.
அவர் தலைக்கு மேலே எங்கோ
கியர்ப்பெட்டி லேசாகச் செருமியது.

"அது என்ன சத்தம்?"

"ரிவர்ஸ்," என்றேன். "வந்திருக்கிறது."

ராட்செட் நின்றது.
நெடுநேரம் மழை மட்டும்.
பிறகு ஒரு கால் சுற்று.
பிறகு இன்னொரு கால் சுற்று.