சிவப்பு அம்பு

முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.
டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு,
சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று
உருவிப் போட்டேன்.
நான்கு இருபதில் வீடு நின்றது.
நாய் எழவில்லை.

ஜெலுத்தோங் பசார் மாலாமில்
இருபத்தெட்டு வெள்ளி சொல்லி
இருபத்திரண்டுக்கு இறங்கி வந்த நாய்.
வாலைத் தொட்டால் நடக்கும்,
மூக்கைத் தொட்டால் சீனத்தில் எண்ணும்.
யஷ்வினுக்குத் தமிழில் மூன்று வரை தெரியும்,
அதற்கு மேல் நாயின் பாஷைதான்:
ஸு, வூ, லியூ.

அடிவயிற்றில் ஐந்து திருகாணி.
ஆறாவது, எச்சரிக்கை ஸ்டிக்கருக்கு அடியில்.
உள்ளே, ஸ்பிரிங்கில் பச்சைப் பூஞ்சணம்.
பதினான்காம் மாடிக்கும் கடற்காற்று
லிஃப்டுக்குக் காத்திராமல் ஏறி வந்துவிடுகிறது.
ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரில்
பஞ்சுக்குச்சியைத் தோய்த்துத் துடைத்தேன்.
மூக்கு "யீ" என்றது.
கால் அசையவில்லை.

பாயான் லெப்பாஸில் நைட் ஷிப்டில்
நான் பார்ப்பவை இதைவிட நுண்ணியவை.
லென்ஸுக்கடியில் பலகை ஒன்றுக்குப் பதினோரு விநாடி.
ஈயம் கொஞ்சம் மங்கியிருந்தாலும்
சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளிவிடுவேன்.
தள்ளியது எங்கே போகிறதென்று
ஒன்பது வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை.

இங்கே தள்ளிவிட பெல்ட் இல்லை.
மோட்டாரை வெளியே இழுத்தேன்.
அச்சில் இறுகச் சுற்றிக் கிடந்தது
முழ நீள முடி.
இந்த வீட்டில் அவ்வளவு நீளம் எனக்கு மட்டும்தான்.
அதை அறுத்தெடுத்த வேகத்தில்
இரண்டு கம்பியும் கையோடு வந்தன,
இரண்டுமே சாம்பல் நிறம்.
கம்பிக்கு நிறம் கொடுக்க மனசு வராத
அந்த மகராசனைச் சத்தமில்லாமல் திட்டினேன்.

கீழே கைப்பேசிக் கடை ஹஃபிசுல்
பற்றவைக்கும் கோலைத் தந்து
"இன்னைக்கே வேணும், காக்" என்றான்.
அடுப்படி ஜன்னலோரம்
மூச்சைப் பிடித்து வைத்த இரண்டு பொட்டு ஈயம்.
வேலையிடத்தில் என் கண்ணில் பட்டிருந்தால்
இரண்டுக்கும் அம்புதான்.

வாலைத் தொட்டான்.
நாய் நடந்தது,
பின்பக்கமாக.
சோபாக் காலில் போய் முட்டி
அங்கேயும் நடந்துகொண்டிருந்தது.

"கம்பி மாறிப் போச்சுடா. குடு, ரெண்டு நிமிஷம்."
நாயை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.
"வேணாம்மா.
என்னப் பாத்துக்கிட்டே போவுது."

கடிகாரம் இன்னும் நான்கு இருபது என்றது.
கீழே கம்பெனி பஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை,
ஹாரனை விடாமல் அழுத்தியது.
லிஃப்டிலிருந்து இவர் இறங்க
நான் ஏறினேன்,
கையில் இன்னும் சூடு ஆறாத கோல்.
கதவு மூடும்வரை
யஷ்வின் எண்ணுவது கேட்டது.
ஏழில் தடுக்கி
மறுபடி ஒன்றுக்கு வந்தான்.

கம்பெனி வாசலில்
சோதனைக் கதவு பீப் என்றது.
சட்டைப்பையில் ஆறாவது திருகாணி.
உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்து
என்ன இது என்றார் காவலர்.

நாயோடது என்றேன்.