மூன்றாவது கண்

முதல் கண்ணைப் பொருத்தியதும்
டிராம் ஓட்டுநர் ஹூதெச் கண்ணாடியில் பார்த்து
"நன்றாக இருக்கிறது" என்றார்.
அவர் மனைவி மட்டும்
நாற்காலியை அவருக்கு வலப்பக்கமாக
நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

நீலம் சரி. பாவையின் அளவு சரி.
குறை என்னவென்றால்
அதில் ஒரு குறையும் இல்லை.

ஐம்பத்தாறு வயதுக் கண்.
முப்பது வருடம் விடிகாலை ஷிஃப்டு பார்த்தது.
வெள்ளை அங்கே வெள்ளையாகவா இருக்கும்?

இரண்டாவதில் மஞ்சள் சேர்த்தேன்,
தேநீர்க் கோப்பையில் படியும் கறை அளவுக்கு.
பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து
இழையிலும் இழையாக்கிச்
சிவப்பு நரம்புகள் பதித்தேன்.
ராத்மிலா பில் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.
"போதும். டிராமில் ஏறுகிறவர்கள்
இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்களா,
இவர் கண்ணைப் பார்ப்பார்களா?"

அவரை ஜன்னலோரம் திருப்பி உட்காரவைத்தேன்.
பிர்னோ நகரத்து நவம்பர் வெளிச்சம்,
கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் நிறம்.
அதில்தான் தெரிந்தது:
வலக்கண்ணின் கருவிழி ஓரம்
நகத்தடிப் பிறைபோல் மெலிந்த
சாம்பல் வளையம். வயது போட்ட கோடு.

மூன்றாவது கண்ணுக்குப் பணம் வாங்கவில்லை.
ராத்மிலா ஒரு வாரம் பேசவில்லை.

மார்ச்சில் ஒரு மாலை
அவர் ஓட்டிய டிராமில் ஏறினேன்.
முன்கண்ணாடியில் அவர் முகம்.
எந்தப் பக்கம் என்று
ஒரு நிறுத்தம் முழுக்க
எனக்கே பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டுவிட்டது.
கீழ்மூலையில் ஒரு நரம்பு
மயிரிழை நீளம் அதிகம்.

இறங்கும்போது அவர் கையசைத்தார்.
நானும் அசைத்தேன்,
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத நூலைப் பிடித்தபடி.