மூக்கால் இறைத்த தண்ணீர்

ஜனவரி மாதக் கரண்ட் பில்லை
மூக்கால் அழுதுகொண்டே கட்டிய வருஷம் அது.
தொட்டிக்குள் முங்கிக் கிடந்த ஹீட்டர்
ஆயிரத்து ஐந்நூறு வாட்.
அப்படி நான்கு தொட்டி.
வெக்ரவில்லுக்கு வடக்கே எங்கள் மேய்ச்சலில்
விடிய விடியப் பனிக்கட்டியோடு மல்லுக்கட்டி
மின்சாரம் ஜெயித்தது என்ன?
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.
அவ்வளவுதான்.

மாடு குடித்தது கொஞ்சம்.
ஆல்பர்ட்டா வானத்தைச் சூடாக்கியது மிச்சம்.

அக்டோபரில், மண் இறுகுவதற்கு முன்
எலியாஸ் வால்ட்னர் வந்தார்.
இருபத்துநான்கு அடி துளைத்து
ஆள் இறங்கும் அகலத்தில் ஒரு தகரக் குழாயை
நிற்க வைத்துப் புதைத்தார்.
மேலே ஒரு கிண்ணம்.
கிண்ணத்துக்குள் நீட்டிய இரும்பு நாக்கு.

"ஒயர் எங்கே?" என்றான் என் தம்பி ஓரெஸ்ட்.
"இல்லை."
"சோலாரா?"
"இல்லை."
"பின்னே யார் இறைப்பது?"
வால்ட்னர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

பூமிக்கு அடியில் குளிர்காலம் கிடையாதாம்.
அந்த வெதுவெதுப்பு குழாய் வழியே ஏறிவந்து
கிண்ணத்தின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே இருக்குமாம்.
மாடு தள்ளினால் தண்ணீர் ஏறும்.
விட்டால் இறங்கிவிடும்,
உறைவதற்கு மேலே ஒன்றும் நிற்காது.
"சொல்லித் தருவது தாகத்தின் வேலை.
நீங்கள் தள்ளி நின்றால் போதும்"
என்று காசோலையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

தள்ளி நிற்பதுதான் கஷ்டம்.

பட்டியை அடைத்தோம், தொட்டிகளைக் கவிழ்த்தோம்.
ஃபியூஸைப் பிடுங்கி
என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
முதல் நாள் சாயங்காலமே தொடங்கிவிட்டது,
அறுபத்திரண்டு தொண்டைகள் ஒன்றாய்.
பக்கத்துப் பண்ணையில் விளக்கு போட்டுப் பார்த்தார்கள்.
ஓரெஸ்ட் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்தான்.
"லெஸ்யா, அந்த ஃபியூஸைக் கொடு."
நான் பீட்ரூட் சூப்பைக் கிளறினேன்.
"நாற்பது டாலரை மிச்சம் பிடிக்க
வாயில்லா ஜீவனை வதைக்கிறாய்."
நாற்பது இல்லை, நானூற்றுப் பத்து,
ஒரு மாதத்துக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
கத்தல் எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆயுசு முழுக்க
மாட்டுக்குத் தண்ணி காட்டியவள் நான்.
இப்போது வேறு மாதிரித் தண்ணி காட்டுகிறேனோ
என்று அந்த ராத்திரி சந்தேகம்.

விடியலில் பட்டிக்குப் போனேன்,
கை பைக்குள்ளேயே, ஃபியூஸின் மேல்.
நாற்பத்தேழாம் நம்பர் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.
அடியில் வால்ட்னர் விட்டுப்போன ஒரு வாய்த் தண்ணீர்.
அது தீர்ந்தது.
கோபம் வந்தது அவளுக்கு.
இரும்பு நாக்கை ஒரு முட்டு முட்டினாள்.

களக்.

மறுபடியும் முட்டினாள்.
களக், களக்.
பூமியின் வயிற்றிலிருந்து ஏறிவந்தது,
ஆவி பறக்க, துருவாசனையோடு.
மூக்கணாங்கயிறே அறியாத மூக்கு,
தனக்குத் தானே இறைத்துக்கொண்டது.

மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் கற்றுவிட்டார்கள்.
மறுநாள் இருட்டுவதற்குள் ஏறக்குறைய எல்லோரும்.
மைனஸ் முப்பத்தெட்டு வந்தபோதும்
களக் களக் நிற்கவில்லை.
இந்த ஜனவரியில் கட்டணக் கவரைப் பிரித்தவன் ஓரெஸ்ட்.
இரண்டு தரம் படித்தான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
இன்னொரு தரம்.
ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்
மாடுகளுக்கு ஒரு கட்டு வைக்கோல் கூடப் போட்டான்.

பன்னிரண்டாம் நம்பர் மட்டும்
இன்றுவரை ஒருமுறைகூடத் தள்ளியதில்லை.
நாற்பத்தேழு முட்டி முட்டி மேலே கொண்டுவரும்போது
பக்கவாட்டில் தலையை நுழைத்துக் குடிக்கிறாள்.
கொம்பில்லாத நாற்பத்தேழு
அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஃபியூஸ் இன்னும் என் பையில்தான்.
சாவி தேடும்போதெல்லாம்
விரலில் தட்டுப்படுகிறது.